நிறுவியதோடு முடிந்ததா?

மதுரை இலந்தைக்குளம், வடபழஞ்சி தொழில்நுட்பப் பூங்காக்களில் வேலை தேடும் பிள்ளைகள் சிலர், ‘குபெர்னெட்டீஸில் ஆர்கோ சிடி நிறுவத் தெரியும்’ என்கிறார்கள். தெரியட்டும். ஆனால் நிறுவ இரண்டு கட்டளைகள் போதும். பிறகு கிட் (Git) களஞ்சியத்தில் எழுதிவைத்ததையும், குபெர்னெட்டீஸ் நிர்வகிக்கும் கணினித் தொகுப்பான கிளஸ்டரில் ஓடுவதையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். அனுமதித்தால் வித்தியாசத்தைத் தானே சரிசெய்துவிடும்.

பாடு அதற்கப்புறம்தான். கண்மாய் வெட்டியவனைவிட ஆண்டுதோறும் குடிமராமத்து பார்த்தவனால்தானே ஊர் பிழைத்தது? குபெர்னெட்டீஸில் ஆண்டுக்கு 3 பதிப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 14 மாதமே ஆதரவு. 2021 ஆகஸ்டில் வந்த 1.22, வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைச் சேவைகளுக்கு வழிநடத்தும் இன்கிரஸின் பழைய பீட்டா வடிவத்தை நீக்கியது. கோப்புகளை முன்கூட்டியே திருத்தாதவர்களுக்கு அப்டேட்டே வினையாயிற்று. கருவிக்குப் பின்னால் இருக்கும் நிறுவனமும் நிலையானதல்ல: ஆர்கோ சிடியைப் போன்ற ஃபிளக்ஸ் கருவியைத் தொடங்கிய வீவ்வொர்க்ஸ் நிறுவனமே 2024-இல் மூடப்பட்டது. திறந்த மூலம் என்பதால் கருவி தப்பியது. ஆர்கோ சிடியின் கையில் கிளஸ்டரின் சாவிகளே இருக்கின்றன என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய பதிப்பில் அதை விட்டுவைப்பது, கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதற்குச் சமம்.

கல்லூரி ஆசிரியர்களே, அடுத்த செய்முறைத் தேர்வில் புதிதாக நிறுவச் சொல்லாதீர்கள். பழைய பதிப்பு ஓடும் கிளஸ்டர் ஒன்றைக் கொடுத்து, சேவை நிற்காமல் மேம்படுத்தச் சொல்லுங்கள்.