துளி விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

காரை வெளியே எடுத்ததும் தரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது. நம்மில் பலர் அப்போது இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். கீழே அட்டையைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். இல்லையென்றால், கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் போத்தலை வாங்கி இயந்திரத்தில் ஊற்றுகிறோம். இரண்டும் தவறு என்பது என் கருத்து. கசியும் இடம் தெரியாமல் எதையும் ஊற்றவும் கூடாது, எந்தப் பாகத்தையும் மாற்றவும் கூடாது. தமிழ்ப்பள்ளி அறிவியலில் படித்த உற்றறிதலும் ஊகித்தலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில், துளி எது என்று பாருங்கள். இரவில் காருக்கடியில் வெள்ளை அட்டை ஒன்றை வையுங்கள். நிறமற்ற நீர் என்றால் அது ஏர்கோன் நீர், கவலை வேண்டாம். சிவப்பு எண்ணெய் பெரும்பாலும் ஆட்டோ கியர் எண்ணெய். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நீர் ரேடியேட்டரிலிருந்து வருவது. சக்கரத்தருகே வெளிர்மஞ்சள் எண்ணெய் தெரிந்தால் பிரேக் எண்ணெயாக இருக்கலாம்; காரை எடுக்கவே வேண்டாம். பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக இருந்தால்தான் அது இயந்திர எண்ணெய்.

அடுத்தது, எங்கிருந்து வருகிறது? எண்ணெயைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. கார் ஓடும்போது காற்று பின்னால் தள்ளுகிறது. ஆகவே துளி விழும் இடத்துக்கு நேர் மேலே கசிவு இருக்கும் என்று எண்ணாதீர்கள். ஈரமான இடங்களில் மிக உயரமானதையும் முன்னால் இருப்பதையும் தேடுங்கள். பழைய அழுக்கு இருக்கும்வரை புதிய கசிவு தெரியாது. இயந்திரம் ஆறியபின் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகத் துடையுங்கள். சந்தேகமான இடத்தில் முகப்பவுடரை மெல்லத் தூவி, சிறிது நேரம் ஓட்டிவிட்டு, இயந்திரத்தை நிறுத்திப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு தொடங்கும் இடமே கசிவின் வாய். அப்படியும் பிடிபடாவிட்டால், எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து புறஊதா விளக்கில் பார்க்கலாம்.

பல நேரங்களில் குற்றவாளி வால்வு மூடியின் கேஸ்கெட், எண்ணெய் வடிகட்டி அல்லது வடிகால் திருகின் வாஷர். கேஸ்கெட் ரப்பர் ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து இறுகி, மீள்தன்மையை இழக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் சிதறி 7 பேர் மாண்டதற்கும் மீள்தன்மை இழந்த ரப்பர் வளையமே காரணம். அங்கே அதை விறைக்க வைத்தது குளிர். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் ஒரு துண்டு ரப்பரை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி அதை உலகுக்குக் காட்டினார். இறுகிய ரப்பரைத் திருகை மேலும் முறுக்கிச் சரிசெய்ய முடியாது, மூடிதான் வளையும். மாற்றுவதே வழி.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போகும். புதிய கேஸ்கெட்டும் விரைவில் கசிந்தால், இயந்திரத்தின் உட்காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளழுத்தம் கூடினால் எந்தக் கேஸ்கெட்டும் தாங்காது.

எல்லையும் தெரிய வேண்டும். ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் நுழையாதீர்கள். தாங்கிகளில் நிறுத்திய பிறகே நுழையுங்கள். இயந்திரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கசிந்தால் அது பட்டறை வேலை. சூடான புகைக்குழாயில் எண்ணெய் சொட்டினால் தீப்பிடிக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். சரிசெய்யும்வரை தினமும் எண்ணெய் அளவைப் பாருங்கள்.

கசிவு நம் வீட்டு வாசலோடு நிற்பதில்லை. தரையில் விழுந்தது மழையில் கால்வாய்க்குப் போகிறது. காஜாங்கில் அது சுங்கை லங்காட்டில் சேரும். அந்த ஆற்று நீரைத்தான் கீழே டெங்கில் பக்கம் சுத்திகரித்துக் குழாயில் அனுப்புகிறார்கள். பயன்படுத்திய இயந்திர எண்ணெய் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவு. அதைப் போத்தலில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுங்கள், கால்வாயில் ஊற்றாதீர்கள்.

இந்த வாரம் உங்கள் காருக்கடியில் ஓர் அட்டையை வையுங்கள். மறைப்பதற்கு அல்ல, படிப்பதற்கு. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் கிடைக்காத பாடம் அது.