முழங்காலைக் காத்தால் பணம் மிச்சம்!

நியூசிலாந்து நாட்டில் சனிக்கிழமை வந்தால் மைதானங்கள் நிரம்பிவிடும். ரக்பி, கால்பந்து, நெட்பால் என்று ஆணும் பெண்ணும் ஆடுவார்கள். பெரும்பாலோர் பணத்துக்காக ஆடுகிறவர்கள் அல்ல. தச்சு வேலை செய்பவர், நர்சு, ஆசிரியை, மாணவி என்று பலரும் இருப்பார்கள்.

ஆடும்போது ஒருவருக்கு முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டால் செலவு யாருடையது?

பெரும் பகுதியை அரசாங்கத்தின் விபத்து இழப்பீட்டுக் கழகம் கொடுக்கிறது!

தப்பு யார் மீது?

இந்தக் கழகம் 1974-ம் ஆண்டில் தொடங்கியது. தப்பு யார் மீது என்று அது கேட்பதில்லை. ஆபரேஷனுக்குப் பணம் கொடுக்கும். வேலைக்குப் போக முடியாதவருக்கு, முதல் வாரம் கழிந்த பிறகு, சம்பளத்தில் 100-க்கு 80 பங்கு கொடுக்கும்.

இந்தப் பணம் சம்பளக்காரர்களும் முதலாளிகளும் அரசாங்கமும் தருவது. பந்தையே தொடாதவரும் இதற்குக் கட்டுகிறார். ஆகவே, ஒருவரின் முழங்கால் ஊரார் எல்லோருடைய கணக்கிலும் வருகிறது!

செலவு அதோடு நிற்காது

ஜவ்வுக்கு ஆபரேஷன் செய்தவர் மறுபடி ஆட, குறைந்தது 9 மாதம் பொறுப்பது நல்லது. பிறகும் தொல்லை தீராது. ஜவ்வு அறுந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, 10 முதல் 20 ஆண்டுகளில் மூட்டுத் தேய்வு வருகிறது. 17 வயதில் விழுந்த பெண், 35 வயதில் மாடிப்படி ஏறத் திணறக்கூடும்.

தடுக்க முடியுமா?

முடியும்! இந்தக் காயம் பெரும்பாலும் மோதலால் வருவதில்லை. குதித்து இறங்கும்போதும், ஓடுகிறவர் சட்டென்று திரும்பும்போதும் வருகிறது. சரியாக இறங்கவும் திரும்பவும் உடம்பைப் பழக்கலாம்.

நார்வே நாட்டில் 13 முதல் 17 வயதுள்ள கால்பந்துப் பெண்கள் 1,892 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் 20 நிமிடப் பயிற்சி செய்தார்கள். அவர்களுக்கு வந்த காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைவு. கடுமையான காயங்கள் பாதியளவு குறைவு. முடிவு 2008-ம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தப் பயிற்சிக்கு மிஷின் வேண்டாம். மைதானமும் பந்தும் போதும்.

ஏன் எல்லோரும் செய்வதில்லை?

வந்த காயம் கண்ணுக்குத் தெரியும். வராத காயம் தெரியாது. 20 நிமிடத்தைச் செலவிடுகிறவர் பயிற்சியாளர். பணம் மிச்சமாவதோ வேறொருவருக்கு. அதனால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

நியூசிலாந்தில் காயத்துக்குப் பணம் கொடுக்கும் கழகமே காயத்தைத் தடுக்கவும் பணம் செலவிடுகிறது. 2001-ம் ஆண்டிலிருந்து ரக்பி சங்கத்தோடு சேர்ந்து பயிற்சியாளர்களுக்குப் பாடம் நடத்துகிறது. அதற்கு லாபம் இருக்கிறது, ஆகவே செய்கிறது. செலவைக் குடும்பமே தாங்கும் நாடுகளில் இப்படிக் கணக்குப் பார்க்க ஆள் இல்லை.

கணக்கில் வராதவர்கள்

இந்தக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. மாணவிக்குச் சம்பளம் இல்லை. அதனால் அவளுடைய நட்டம் ஏட்டில் சிறிதாகவே தெரியும். ஆனால், ஒரே ஆட்டத்தை ஆடும் பையன்களைவிடப் பெண்களுக்கு இந்த ஜவ்வு அறுவது இரண்டு மடங்குக்கும் அதிகம். அவள் அந்த முழங்காலோடு இன்னும் 60 ஆண்டு நடக்க வேண்டும்.

ஆபரேஷன் செலவை மட்டும் கூட்டிப் பார்ப்பது பாதிக் கணக்கு. பிள்ளை மைதானத்துக்குப் புறப்பட்டால், "ஜெயித்தாயா?" என்று கேட்பதற்கு முன், "பயிற்சி செய்தாயா?" என்று பெற்றோர் கேட்கட்டும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை!