‘கேன்’ போதுமா, ‘குட்’ வேண்டுமா?



பேசும் ஆங்கிலம் பகுதியில் இம்முறை, பிறரிடம் ஒன்றைப் பணிவாகக் கேட்பது எப்படி என்று பார்ப்போம். பாடத்துக்கு உரிய இடமாகச் சிங்கப்பூரின் ஜாலான் புசாரை எடுத்துக்கொள்கிறேன். வேலை தேடி ஜொகூர்ப் பாலம் கடக்கும் நம் பிள்ளைகள் பலர் குவீன் ஸ்திரீட் பேருந்து நிலையத்தில் இறங்குகிறார்கள். அங்கிருந்து தேக்காவுக்கும் ஜாலான் புசாருக்கும் நடந்தே போய்விடலாம்.

ஜாலான் புசார் என்றால் மலாயில் பெரிய சாலை. 1929இல் திறந்த விளையாட்டரங்கம், இரும்புச் சாமான் கடைகள், விளக்குக் கடைகள், காப்பிக் கடைகள், 2017இல் வந்த எம்.ஆர்.டி. நிலையம் எல்லாம் அந்த வட்டாரத்தில் இருக்கின்றன. அங்கே காதில் ஓயாமல் விழும் ஆங்கிலச் சொல் ‘கேன்’. “கேன் ஓர் நாட்?” என்று ஒருவர் கேட்பார். “கேன் லா” என்று மற்றவர் சொல்வார். நமக்கும் அது வாயில் எளிதாக வரும். மலாயில் “போலே?” “போலே” என்பதும், தமிழில் “முடியுமா?” “முடியும்” என்பதும் அதே வழக்கம்தானே!

காப்பிக் கடையில் இது போதும். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஆனால் நேர்முகத் தேர்வில், வங்கிக் கவுண்டரில், மருத்துவமனையில், முதலாளிக்கு எழுதும் கடிதத்தில் இது போதாது. சிங்கப்பூர் அரசே 1979இல் மக்களிடையே மரியாதையை வளர்க்க ஓர் இயக்கம் நடத்தியது. 2000இல் நல்ல ஆங்கிலம் பேச இன்னோர் இயக்கம் தொடங்கியது. இடத்துக்கு ஏற்ற பேச்சு வேண்டும் என்பதை அங்கேயும் உணர்ந்திருக்கிறார்கள்.

மரியாதை எங்கே இருக்கிறது?

தமிழில் மரியாதை காட்டுவது சுலபம். ‘நீ’ என்பதை ‘நீங்கள்’ ஆக்கினால் போதும்; ‘வா’ என்பது ‘வாருங்கள்’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. துரைக்கும் ‘யூ’தான், துரை வீட்டு நாய்க்கும் ‘யூ’தான்!

ஆகவே, “கிவ் மீ த ஃபார்ம்” என்று நாம் சொல்லும்போது, மனத்தில் “பாரத்தைக் கொடுங்கள்” என்றே நினைக்கிறோம். கேட்பவர் காதில் “பாரத்தைக் கொடு” என்று விழுகிறது. ‘ப்ளீஸ்’ சேர்த்தால் சற்று இனிக்கும். என்றாலும் கட்டளை கட்டளைதான். ஆங்கிலத்தில் மரியாதையைச் சுமப்பவை கேன், குட், வில், வுட், மே போன்ற துணைவினைகள்.

நம்மவர் வாயில் கட்டளை ஆங்கிலம் முந்திக்கொண்டு வருவதில் வியப்பில்லை. தோட்டத்தில் ஆங்கிலம் மேலிருந்து கீழே இறங்கிய மொழி. துரை கிராணியிடம் சொன்னார். கிராணி மண்டோரிடம் சொன்னார். நாம் கேட்டதெல்லாம் உத்தரவு. கேள்வி கேட்கும் ஆங்கிலம் லயத்துப் பக்கம் வரவே இல்லை.

ஆனால் அதன் சூட்சுமம் நமக்குத் தெரிந்ததுதான். “தண்ணீர் கொடுங்கள்” என்பதைவிட “கொஞ்சம் தண்ணீர் கொடுக்கிறீர்களா?” என்பது மென்மை. “கொடுக்க முடியுங்களா?” என்பது இன்னும் மென்மை. கேள்வியாகக் கேட்கும்போது, மறுக்கும் உரிமையை எதிரில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுகிறோம். அதுவே மரியாதை.

படிப்படியாகப் பார்ப்போம்

கேன் யூ: நண்பரிடமும் உடன் வேலை செய்பவரிடமும். “கேன் யூ ஹெல்ப் மீ?” எனக்கு உதவ முடியுமா?

குட் யூ: முன்பின் தெரியாதவரிடம். “குட் யூ ஹெல்ப் மீ, ப்ளீஸ்?” தயவுசெய்து எனக்கு உதவ முடியுங்களா?

வுட் யூ: ஒருவரின் விருப்பத்தைக் கேட்கும்போது. “வுட் யூ செக் மை ஃபார்ம், ப்ளீஸ்?” என் பாரத்தைப் பார்த்துச் சொல்கிறீர்களா?

மே ஐ: அனுமதி கேட்க. “மே ஐ கம் இன்?” உள்ளே வரலாமா? இதை நம் பள்ளிப் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே சொல்வார்கள். அலுவலகத்தில் “மே ஐ ஸ்பீக் டு த மேனேஜர்?” என்று கேட்பதும் அதே பாடம்தான்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல். குட், வுட் இரண்டிலும் எழுத்தில் ‘எல்’ உண்டு, ஒலியில் இல்லை. ‘குட்’ என்பதைக் ‘குடம்’ என்பதன் முதல் ஒலியோடு அழுத்திச் சொல்லுங்கள். மென்மையாகச் சொன்னால் ‘நல்ல’ என்ற பொருளுடைய வேறு சொல்லாகிவிடும்.

வழுக்கும் இடங்கள் நான்கு

ஒன்று: ‘குட்’ என்பது ‘கேன்’ என்பதன் இறந்தகாலம் என்று படித்திருப்போம். பணிவுக் கேள்வியில் அது நேற்றைக் குறிக்காது. அறியாதவரிடம் ஓரடி தள்ளி நின்று பேசுகிறோம் அல்லவா? அந்த ஓரடியே இந்தக் ‘குட்’. யாராவது உங்களை “குட் யூ வெயிட்?” என்று கேட்டால், பதிலில் “யெஸ், ஐ குட்” என்று சொல்லக்கூடாது. “யெஸ், ஐ கேன்” அல்லது “சர்ட்டன்லி” என்று சொல்லுங்கள்.

இரண்டு: துணைவினைக்குப் பின் வினைச்சொல் மாறாமல் நிற்கும். “குட் யூ டெல் மீ” சரி. “குட் யூ டோல்ட் மீ” பிழை.

மூன்று: “வேர் இஸ் த கிளினிக்?” என்பது நேர்க் கேள்வி. அதைப் பணிவாக்கினால் ‘இஸ்’ கடைசிக்குப் போய்விடும்: “குட் யூ டெல் மீ வேர் த கிளினிக் இஸ்?”

நான்கு: “வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?” என்று கேட்டால், ‘காத்திருப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்று பொருள். காத்திருக்கச் சம்மதம் என்றால் “நோ, நாட் அட் ஆல்” என்க. “யெஸ்” என்றால் ஆட்சேபம் உண்டு என்றாகிவிடும்!

பணிவு வேறு, பயம் வேறு

இந்தப் பாடத்தில் முக்கியமானது இதுதான். பணிவாகக் கேட்பது என்றால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். அதனால் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, முரட்டுத்தனமாகக் கேட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அல்லது கேட்காமலே இருந்து நட்டப்படுகிறார்கள். மேலாளரும் தம் மேலதிகாரியிடம் ‘குட் யூ’ என்கிறார்; அவரே காப்பி கொண்டுவரும் பெண்ணிடமும் ‘குட் யூ’ என்கிறார். அது சமமானவர்கள் பேசும் பேச்சு.

சம்பள விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் 1 முதல், வேலை நியமனச் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாளிக்கு முதலாளி சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும். வேலையின் முக்கிய நிபந்தனைகளையும் எழுத்தில் தர வேண்டும். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் தர வேண்டும் என்பதும் சட்டம். (வீட்டுப் பணிப்பெண்கள் இந்தச் சட்டத்தில் அடங்கமாட்டார்கள்.) பணம் குறைந்திருந்தால் வாய் மூடி இருக்கவேண்டாம், சத்தம் போடவும் வேண்டாம். இப்படிக் கேளுங்கள்:

“மே ஐ ஹேவ் மை பே ஸ்லிப், ப்ளீஸ்?” என் சம்பளச் சீட்டைப் பெற்றுக்கொள்ளலாமா?

“குட் யூ எக்ஸ்ப்ளெய்ன் திஸ் டிடக்‌ஷன்?” இந்தப் பிடித்தம் எதற்கு என்று விளக்க முடியுங்களா?

இப்படிக் கேட்டவர்மீது யாரும் குறை சொல்ல முடியாது. பதில் சொல்லும் பொறுப்பு எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. திரும்பத் திரும்பக் கேட்டும் பதில் இல்லையென்றால், மனிதவள அமைச்சின் உதவியை நாடலாம். அங்கேயும் ‘ஐ வாண்ட்’ வேண்டாம். “ஐ வுட் லைக் டு ஆஸ்க் அபௌட் மை சேலரி” என்று தொடங்குங்கள்.

வீட்டுப் பயிற்சி

கீழ்க்காண்பவற்றைப் பணிவுக் கேள்விகளாக மாற்றுங்கள். தாய் தந்தையர் கவுண்டரில் இருப்பவர் போலவும், பிள்ளைகள் கேட்பவர் போலவும் பேசிப் பழகினால் நல்லது.

1. கிவ் மீ எ பென்.
2. ரிப்பீட் தட்.
3. ஐ வாண்ட் ஒன் டே லீவ்.
4. வேர் இஸ் த பஸ் ஸ்டாப்?

விடைகள்: 1. குட் ஐ பாரோ எ பென், ப்ளீஸ்? 2. வுட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்? 3. மே ஐ டேக் ஒன் டே லீவ், ப்ளீஸ்? 4. குட் யூ டெல் மீ வேர் த பஸ் ஸ்டாப் இஸ்?

பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டு, வாய்விட்டுப் பத்து முறை சொல்லுங்கள். நாக்குப் பழகினால் நடுக்கம் தானே போய்விடும். அடுத்த இதழில், விடுப்புக் கடிதம் எழுதுவது எப்படி என்று பார்ப்போம்.