வரம்பு குறைந்தது, காரணம் எங்கே?

கடன் அட்டையின் வரம்பை வங்கி திடீரெனக் குறைத்துவிடுவதைப் பற்றிய கட்டுரை இலக்கிய அன்பர்களுக்கு அவ்வளவு உவப்பாக இராது என்பதை அறிவோம். ஆயினும் 'கடன்' நம் மொழியில் வெறும் பணச்சொல் அன்று. புறநானூற்றில் பொன்முடியாரின் பாட்டில் வரும் தாய் கடன்களை வரிசைப்படுத்தும்போது அச்சொல்லுக்குக் கடமை என்பதே பொருள். காசையும் நேர்மையையும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லால் குறிப்பவர்கள் நாம். 'வரம்பு' என்பதோ வயலின் வரப்பு. இரு நிலங்களுக்கு நடுவிலுள்ள வரப்பை ஒருவர் இரவோடு இரவாக நகர்த்தி வைத்தால் மறுநாள் ஊர் கூடிக் காரணம் கேட்கும். வங்கி நகர்த்தினால் யார் கேட்பது என்பதே இக்கட்டுரையின் வினா.

சென்ற ஆண்டு நமக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. இரண்டு இலட்ச ரூபாயாக இருந்த அட்டை வரம்பு அறுபதாயிரமாகக் குறைக்கப்பட்டுள்ளது என்றது. வேறு விளக்கம் இல்லை. பதினொரு ஆண்டுகளில் ஒரு மாதத் தொகையும் தவறியதில்லை. அன்னையாரின் அறுவை மருத்துவத்திற்கு மருத்துவமனை கேட்ட முன்பணத்தை அந்த அட்டையில் செலுத்தலாம் என்று நாம் எண்ணியிருந்த வாரம் அது. துறை நண்பர் ஒருவர் கைமாற்றாகத் தந்த தொகையால் காரியம் நடந்தது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவர் மிகுந்த பணிவோடு, "இது சிஸ்டம் எடுத்த முடிவு சார்" என்றார். எதனால் என்று கேட்டோம். அது தமக்கும் தெரியாது என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறோம்.

வங்கியின் தரப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வரம்பு என்பது நம் பணம் அன்று. தருவதற்கு வங்கி இசைந்திருக்கும் கடனின் உச்ச அளவு அது. அட்டையை நீண்ட நாள் பயன்படுத்தாமை, வேறு கடனில் ஏற்பட்ட தாமதம், குறுகிய காலத்தில் பல கடன்களுக்கு விண்ணப்பித்தல், வருமானத்தில் மாற்றம் ஆகியவற்றைக் கண்டு வங்கி தன் இசைவைச் சுருக்கிக்கொள்வதில் தவறில்லை. சில வேளைகளில் காரணம் அட்டைதாரரிடமே இராது. 2023 நவம்பர் 16 அன்று இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகளின் கடன் அட்டைப் பாக்கிகளுக்கான இடர் எடையை 125 விழுக்காட்டிலிருந்து 150 ஆக உயர்த்தியது. குறைந்தபட்ச மூலதன விகிதமான 9 விழுக்காட்டை வைத்துக் கணக்கிட்டால், நூறு ரூபாய் பாக்கிக்கு 11.25 ரூபாய் ஒதுக்கிய வங்கி இனி 13.50 ரூபாய் ஒதுக்க வேண்டும். அட்டைக் கடன் வங்கிக்குச் செலவு கூடியதாயிற்று. இதில் நம் நாணயத்திற்கு ஒரு தொடர்பும் இல்லை.

ஆனால் குறைப்பின் விளைவு நம் நாணயத்தின் மீதே வந்து விழுகிறது. கடன் தகவல் நிறுவனங்கள் 300 முதல் 900 வரை நமக்கு இடும் மதிப்பெண்ணில், வரம்பில் எத்தனை பங்கைப் பயன்படுத்துகிறோம் என்பதும் ஒரு கூறு. இரண்டு இலட்சம் வரம்பில் ஐம்பதாயிரம் செலவிட்டவரின் பயன்பாடு 25 விழுக்காடு. வரம்பு அறுபதாயிரமானதும் அதே ஐம்பதாயிரம் 83 விழுக்காடாகிவிடுகிறது. அவர் ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவழிக்கவில்லை. ஆயினும் கழுத்தளவு கடனில் நிற்பவராக ஏட்டில் தோன்றுகிறார். மதிப்பெண் சரியலாம். சரிந்ததைக் கண்டு இன்னொரு வங்கியும் கையைச் சுருக்கலாம். ஐயமே ஐயத்திற்குச் சான்றாகிவிடும் சுழல் இது.

சட்டம் என்ன சொல்கிறது? கடன் அட்டைகள் குறித்து 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளில், வரம்பை உயர்த்துவதற்கு அட்டைதாரரின் வெளிப்படையான இசைவு வேண்டும் என்றிருந்தது. குறைத்தால் அவருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. உயர்த்தக் கேட்க வேண்டும்; குறைக்கச் சொன்னால் போதும். கடன் கொடுப்பவரை எவரும் கட்டாயப்படுத்த முடியாதாகையால் இந்த வேறுபாட்டில் நியாயம் உண்டு. நம் குறை வேறு. அறிவித்தல் என்ற கடமை ஒற்றை வரிக் குறுஞ்செய்தியோடு தீர்ந்துவிடுகிறது. காரணம் கூறுதல் அக்கடமைக்குள் இடம்பெறவில்லை.

நம் ஊர் மளிகைக் கடைகளில் பற்று நோட்டு இருந்த காலத்தை நாற்பதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அண்ணாச்சியும் பற்றை நிறுத்துவார். அதற்கு அவர் நம் முகத்தைப் பார்த்தாக வேண்டும். "போன மாசப் பாக்கி நிக்குதே" என்று வாய் திறந்து சொல்லியாக வேண்டும். அது தவறான கணக்கென்றால் அங்கேயே நோட்டைப் புரட்டிக் காட்டிவிடலாம். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சாதியும் முகத்தாட்சணியமும் பார்த்துப் பற்று கொடுத்த கடைகளும் இருந்தன. ஆனாலும் சொல்லப்பட்ட காரணத்தோடு வழக்காட முடிந்தது. சொல்லப்படாததோடு எப்படி வழக்காடுவது?

காரணம் கேட்பது நடவாத காரியமும் அன்று. கடன் அட்டை வாழ்வில் நமக்கு மூத்த அமெரிக்காவில், சமமான கடன் வாய்ப்புக்கான சட்டம் 1974இல் இயற்றப்பட்டது. கடன் மறுக்கப்பட்டவருக்கும், கணக்கின் நிபந்தனைகள் பாதகமாக மாற்றப்பட்டவருக்கும் குறிப்பான காரணத்தை அறியும் உரிமையை 1976இல் வந்த திருத்தம் தந்தது. அதன் பயன் 2008இல் தெரிந்தது. அட்லாண்டாவில் ஒருவருடைய வரம்பை 10,800 டாலரிலிருந்து 3,800 டாலராக அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் குறைத்தது. அவர் அண்மையில் பொருள் வாங்கிய கடைகளில் அட்டை தேய்த்த மற்ற வாடிக்கையாளர்கள் சிலர் கடனை ஒழுங்காகத் திருப்பவில்லை என்பதும் கடிதம் சொன்ன காரணங்களுள் ஒன்று. அதாவது, அதே கடையில் பொருள் வாங்கிய அயலார் செய்த பிழைக்கு இவருக்குத் தண்டனை! அது செய்தியாயிற்று. 2009இல் நிறைவேறிய கடன் அட்டைச் சட்டம் இத்தகைய வழக்கத்தை ஆராயப் பணித்தது. காரணம் தாளில் எழுதப்பட்டதால்தான் அதன் அபத்தம் ஊரறிய வெளிப்பட்டது. "சிஸ்டம் எடுத்த முடிவு" என்று முடித்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

நிற்க. வரம்பு குறைந்தவர் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் அழைத்து அது மெய்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். இச்சாக்கில் ஏமாற்றுவோர் மலிந்த காலம் இது. அட்டையிலிருந்து தானாகச் செல்லும் காப்பீட்டுத் தவணை போன்றவற்றை உடனே சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற ஏற்பாடு 2017 முதல் உண்டு. அதை வாங்கி, முடிந்த கடன் முடியாததாகவோ பிறர் கடன் நம் பெயரிலோ பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பில் தயாராகும் நாளுக்கு முன்பே தொகையில் ஒரு பகுதியைச் செலுத்தினால் பயன்பாட்டு விழுக்காடு தாழும். கோபத்தில் அட்டையை ஒப்படைத்துவிடுவது வீரமாகத் தோன்றினாலும், எஞ்சிய வரம்பும் கையைவிட்டுப் போய் மதிப்பெண்ணை இன்னும் தாழ்த்தக்கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். முப்பது நாளில் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடும் வழியை 2021இல் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டம் திறந்தது. ஆனால் வங்கியின் வணிக முடிவுகளைக் குறித்த முறையீடுகளை அத்திட்டம் ஏற்பதில்லை. ஆகவே பழைய வரம்பை மீட்டுத் தருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அறிவிப்பே இன்றிக் குறைத்தல் போன்ற சேவைக் குறைபாடுகளையே அங்கே கொண்டு செல்லலாம். காரணத்தைப் பெற்றுத் தருவதற்கோ விதியில்தான் இடம் வேண்டும்.

நாம் வேண்டுவன இரண்டே. மோசடி ஐயம் போன்ற அவசரங்கள் நீங்கலாக, குறைப்பு நடப்புக்கு வருமுன் சில நாள் அவகாசம் தரப்பட வேண்டும். மருத்துவமனை வாசலில் நிற்பவருக்கு அந்தச் சில நாள் பெரிது. அதன் காரணம், வாடிக்கையாளர் அறிந்த மொழியில், இரண்டு வாக்கியங்களிலேனும் எழுதப்பட வேண்டும். நம்மைப் பற்றிய இத்தனை தகவல்களைத் திரட்டி ஒரு முடிவுக்கு வரத் தெரிந்த எந்திரத்திற்கு, அவற்றில் எது முடிவைத் தீர்மானித்தது என்று சொல்வது பெரும்பாடாக இருக்க முடியாது. வரம்பைச் சுருக்குவது வங்கியின் உரிமை. காரணத்தைச் சொல்வது அதன் கடன்.