சாக்கடை சொல்லும் கணக்கு

மயக்கப்பொருள் உண்டாயா என ஒருவனை வினவினால் 'இல்லை' என்றே சொல்வான். காவலர் வினவினும் மருத்துவர் வினவினும் விடை அதுவே. ஆயினும், வாய் மறைத்ததைச் சிறுநீர் மறைப்பதில்லை. உட்கொண்ட நஞ்சு ஈரலில் உருமாறி வெளியேறிச் சாக்கடையிற் கலக்கின்றது. அச்சாக்கடை நீரை அளந்து ஓர் ஊரின் உண்மை நிலையை அறியும் துறை, இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேலை நாடுகளில் வளர்ந்து வருகின்றது. இதனைக் 'கழிவுநீர்வழி நலவியல்' எனலாம்.

இத்தாலியின் வடபகுதியில் ஓடும் 'போ' என்னும் பேராற்றின் நீரை, மிலான் நகரின் மாரியோ நெகிரி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எத்தோரே சுக்காத்தோவும் அவர்தம் குழுவினரும் ஆய்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டனர். கோக்கெயின் உண்டாரின் உடலினின்று வெளிப்படும் பென்சாயிலெக்கோனின் என்னும் பொருளையே அவர்கள் தேடினர். ஏறத்தாழ 50 இலக்கம் மக்களின் கழிவு கலக்கும் அவ்வாறு, நாளொன்றுக்கு 4 கிலோ கோக்கெயினுக்கு ஈடான எச்சத்தைச் சுமந்து செல்வது தெரியவந்தது. அரசின் கணக்கெடுப்பை நம்பினால், அப்பகுதியில் ஒரு திங்களுக்கு 15,000 முறையே அந்நஞ்சு உட்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். ஆறோ, ஒரே நாளில் 40,000 முறை என்றது! வினாத்தாள் நீட்டிக் கணக்கெடுத்தோர் எத்துணை ஏமாற்றப்பட்டனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

2011-இல் 19 ஐரோப்பிய நகரங்களில் தொடங்கிய ஆண்டாய்வு, 2024-இல் 128 நகரங்களுக்குப் பரவியது. தூய்மிப்பு நிலையத்தின் வாயிலில் இருபத்துநான்கு மணிநேரமும் சிறிதுசிறிதாக நீரெடுத்து, எச்சத்தின் செறிவை நீரோட்டத்தின் அளவாற் பெருக்கி, ஆயிரவர்க்கு இத்துணை என வகுத்துரைக்கின்றனர். காரி, ஞாயிறுகளில் கோக்கெயின் ஏறுவது பல நகரங்களிற் காணப்பட்டது. களியாட்டம் எந்நாளில் என்பதையும் சாக்கடை அறியும்!

ஆயினும், சாக்கடையின் சொல்லைப் பொருள் பிழைபடக் கொள்ளவும் கூடும். 2011-இல் நெதர்லாந்தின் உத்திரெக்ட்டு நகரில் எம்.டி.எம்.ஏ. என்னும் ஊக்கியின் அளவு திடுமென ஏறிற்று. நகரமே வெறியில் ஆழ்ந்ததோ என எண்ண இடமிருந்தது. அப்பொருளின் மூலக்கூறு இடக்கையும் வலக்கையும் போல ஈருருவம் உடையது. உடலுட் புகுந்தபின் அவ்விரண்டும் ஒரே அளவிற் கழிவதில்லை. அந்நீரிலோ இரண்டும் ஒப்ப நின்றன. எனவே, அது மாந்தர் உடலைக் கடவாமல் நேரே கொட்டப்பட்ட சரக்கு எனத் தெளிந்தனர். கள்ளத்தனமாய் அதனை ஆக்கிய இடமொன்றைக் காவலர் முற்றுகையிட்டதை அடுத்தே அது நிகழ்ந்திருந்தது.

இத்துறையின் சிறப்பே, அது எவரையும் பெயர்சொல்லிக் காட்டாமைதான். பல்லாயிரவர் கழிவு ஒன்றாய்க் கலந்தபின் குற்றவாளி என எவரும் இலர். ஆனால், அளக்கும் எல்லையை நகரினின்று பேட்டைக்கும், பேட்டையினின்று ஒரு விடுதிக்கும் சுருக்கிக்கொண்டே போனால், ஊரை அறியும் கருவி ஆளைப் பிடிக்கும் கண்ணியாகிவிடும்.

ஆசுத்திரேலியாவில் 2016 முதல் நாடளாவிய ஆய்வு நடந்துவருகின்றது. அதன் அறிக்கைகள் நிலையங்களைப் பெயரால் அன்றி எண்களாற் குறிப்பது நன்றே. அந்நாட்டிலேயே 2017-இல் வேறோர் அறிவிப்பு எழுந்தது. வேலையற்றோர்க்கான உதவித்தொகை பெறப் புதிதாய் வருவோருள் 5,000 பேரை மயக்கப்பொருள் ஆய்வுக்கு உட்படுத்துவராம். அதற்குரிய ஊர்களைத் தேர்வதற்குக் கழிவுநீர் அளவீடும் துணையாகுமாம்! பாங்கிசுடவுன், உலோகன், மாண்டுரா என மூன்றிடங்களும் அறிவிக்கப்பட்டன. செல்வரும் கோக்கெயின் உண்பர். அவர்தம் மாடவீட்டுச் சாக்கடையும் அதே நிலையத்துக்கே ஓடுகின்றது. வேலையற்றுக் கையேந்துவோரை மட்டும் ஆய்வுக்கு இழுப்பது எவ்வகை நயன்மை? மேலவை இசையாமையால் அச்சட்டம் நிறைவேறவில்லை. அம்மூன்று ஊர்களின் பெயரோ அதற்குள் நாடெங்கும் பரவிவிட்டது.

இத்துறை ஆய்வாளர் தாமே 2016-இல் வகுத்த அறநெறி வழிகாட்டல், சிறை, பள்ளி, பணியிடம் போன்ற சிறு குழுவினரை ஆயுங்கால் அவர்மீது பழி படியாமற் காக்குமாறு அறிவுறுத்துகின்றது. அது வழிகாட்டலாகவே நில்லாது சட்டமாதல் வேண்டும். அளக்கும் எல்லைக்குள் வாழும் மக்கட்டொகைக்கு ஒரு கீழெல்லை வேண்டும். முடிவுகள் காவல்துறைக்கு முன்பாக நலத்துறைக்குச் செல்லவேண்டும். எச்சம் மிகுந்த பகுதியில் முதலில் பெருகவேண்டியவை மருத்துவப் படுக்கைகளே. இவற்றை எழுத்தில் உறுதிசெய்யாத எவ்வரசுக்கும், தம் சாக்கடையைத் திறந்து பார்க்கும் உரிமையை மக்கள் அளித்தல் கூடாது.