கசியும் தொட்டியும் காக்க வேண்டிய உயிர்களும்



மீனையும் கீரையையும் ஒரே நீரில் வளர்க்கும் முறையை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். இதனை அக்வாபோனிக்ஸ் என்பர். கீழே மீன் தொட்டி; அதற்கு மேலே ஜல்லி நிரப்பிய செடித் தொட்டி. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை, ஜல்லியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட் செடிகளுக்கு உரமாகிறது. தெளிந்த நீர் மீன்களிடமே திரும்புகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, வேளாண்மை அமைப்பு 2014ஆம் ஆண்டில் இதனைச் சிறிய அளவில் செய்வோருக்காக விரிவானதொரு நூலையே வெளியிட்டுள்ளது.

எங்கள் வீட்டு மாடியிலும் 200 லிட்டர் நீலப் பீப்பாயை இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் செடித் தொட்டியாக அமைத்திருந்தோம். ஒருநாள் அதன் அடியில் தரை ஈரமாக இருப்பதை என் மனைவி சுட்டிக் காட்டினார். நானோ, வெளிப்புறத்தில் சிறிது பிசினைப் பூசிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டேன். நான்கு நாட்கள் சென்றன. சுப்ஹுத் தொழுகை முடித்து மாடிக்கு ஏறினால், மீன் தொட்டியில் ஒரு சாண் நீர்கூட இல்லை! ஜிலேபிக் கெண்டைகள் சாய்ந்து கிடந்து வாய் பிளந்தன. பன்னிரண்டில் ஐந்து இறந்துபோயின.

நடந்தது என்ன? மோட்டார் இரவு முழுவதும் நீரை மேலே ஏற்றியது; மேலே ஏறிய நீர் தரைக்கு ஓடியது. மேல் தொட்டியின் கசிவு கீழ்த் தொட்டியை வற்றச் செய்துவிட்டது.

ஆகவே, அடைக்குமுன் கசிவு எங்கே என்று கண்டுபிடியுங்கள். மோட்டாரைச் சிறிது நேரம் நிறுத்துங்கள். அப்போதும் மீன் தொட்டியில் நீர் குறைந்தால் பழுது அத்தொட்டியில் உள்ளது. மோட்டார் ஓடும்போது மட்டும் குறைந்தால் செடித் தொட்டியையோ குழாயையோ பாருங்கள். வெளிப்புறத்தைத் துணியால் நன்கு துடைத்து, அடியில் பழைய செய்தித்தாளை விரித்தால், முதலில் நனையும் இடம் உண்மையைச் சொல்லிவிடும். வேர்கள் வடிகுழாயை அடைத்து, நீர் விளிம்பு தாண்டி வழிவதும் உண்டு. அதற்குத் தேவை பிசினன்று, வேரை அகற்றுதலே.

பெரும்பாலும் கசிவது பீப்பாயன்று. வடிகுழாய்க்காக அடியில் இட்ட துளையே. எங்கள் தொட்டியில், டேங்க் நிப்பிளின் ரப்பர் வாஷரை வெளிப்பக்கம் மாட்டியிருந்தேன். நிப்பிளின் அகன்ற தலை தொட்டியின் உட்புறம் இருக்க வேண்டும், தலைக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையில் வாஷர், வெளியே நட்டு. துளையின் ஓரத்துப் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து நீக்குங்கள். வாஷரின் அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் நீர் வழி கண்டுகொள்ளும். நட்டைக் கையால் இறுக்கியபின் கால் சுற்று போதும். மிகையாக இறுக்கினால் வாஷர் பிதுங்கிவிடும். சிலிக்கான் பசை இவ்வகைப் பிளாஸ்டிக்கில் நிலையாக ஒட்டாது. கண்ணாடித் தொட்டிக்கு அது பொருந்தும். ஆனால் பூஞ்சைக்கொல்லி கலந்த குளியலறைப் பசை மீனுக்கு நஞ்சாகும். எப்பசையாயினும் முழுமையாகக் காயும் வரை நீர் விடலாகாது.

பணி நடக்கும்போது ஜல்லியைக் குழாய் நீரில் கழுவிவிடாதீர்கள். குளோரின் பாக்டீரியாக்களைக் கொல்லும். ஈரச் சாக்கில் இட்டு நிழலில் வையுங்கள். செடிகளின் வேரை மீன் தொட்டி நீரிலேயே வையுங்கள். மீன்களுக்குக் காற்றுக் குமிழி விடும் கருவி ஓடட்டும். இழந்த நீரை ஈடுசெய்யும்போது, ஒருநாள் திறந்து வைத்த நீரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள்.

தொட்டியைத் தாங்கும் பலகையையும் பாருங்கள். 100 லிட்டர் ஜல்லி ஏறத்தாழ 150 கிலோ எடையுள்ளது. பலகை வளைந்தால் தொட்டியும் வளையும். இணைப்பு மீண்டும் நெகிழும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. மோட்டாரைத் தொட்டியின் அடியில் வைக்காதீர்கள். பாதி உயரத்தில் அமையுங்கள். மேலே எவ்வளவு கசிந்தாலும், நீர் அந்த மட்டத்திற்கு வந்ததும் மோட்டாரால் அதற்குமேல் எடுக்க இயலாது. எஞ்சிய பாதியில் மீன்கள் பிழைத்திருக்கும். ஆனால் நீரின்றி ஓடும் மோட்டார் பழுதாகும்; கண்டதும் நிறுத்துங்கள். நான் முதல் நாளே இதைச் செய்திருந்தால் அந்த ஐந்து மீன்களும் இறந்திரா.

கசிவை அடைப்பது பாதி வேலை. கசிந்தாலும் உயிர் போகாதவாறு அமைப்பது மறுபாதி. நாமாகத் தொட்டியில் அடைத்து வைத்த உயிர்கள் நம்மிடம் அமானிதம் அன்றோ? இன்று மாலை மாடிக்குச் சென்று, உங்கள் தொட்டியின் அடியை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்.