கழிவுநீரில் தண்ணீரை மட்டும் மீட்டால் போதுமா? உரத்தை என்ன செய்வது?

சென்னை மணலியில் யூரியா தயாரிக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை, நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கிடைக்கும் தண்ணீரைப் பயன்படுத்துகிறது. தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ஊருக்கு இது நல்ல விஷயம்தான். ஆனா ஒரு வேடிக்கை இருக்கு. யூரியாவுக்குத் தேவையான அம்மோனியா அந்தக் கழிவுநீரிலேயே கரைந்திருக்கிறது. அங்கே அது நீக்க வேண்டிய அழுக்கு. உரத்துக்கான அம்மோனியாவை இயற்கை எரிவாயுவை வைத்துப் புதிதாகத் தயாரிக்கிறார்கள்.

நவீன சுத்திகரிப்பு நிலையங்களும் மின்சாரம் செலவழித்து, அம்மோனியாவை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விடுகின்றன. காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்து உரமாக்க ஒரு செலவு, திரும்பக் காற்றிலேயே விட இன்னொரு செலவு!

கல் எப்படி உரத்தைப் பிடிக்கும்?

எரிமலைச் சாம்பலிலிருந்து இயற்கையாக உருவாகும் கனிமம் ஜியோலைட். அதன் நுண்துளைகளில் சோடியம், கால்சியம் அயனிகள் இருக்கும். கழிவுநீர் உள்ளே ஓடும்போது அவை வெளியேற, அந்த இடத்தை அம்மோனியம் பிடிச்சுக்கும். பஸ்ஸில் ஒருத்தர் எழுந்ததும் இன்னொருத்தர் சீட் பிடிக்கிற மாதிரி. அந்தக் கல்லை மண்ணில் போட்டால், பயிருக்கு மெதுவாக நைட்ரஜன் கிடைக்கும்.

பாஸ்பரஸுக்கு வழி மக்னீசியம். அதைச் சேர்த்தால் அம்மோனியமும் பாஸ்பேட்டும் இணைந்து ஸ்ட்ரூவைட் என்ற படிகமாகப் படியும். அதுவும் மெதுவாகக் கரையும் உரம். மக்னீசியம் தரும் மேக்னசைட் தாது நம்ம சேலத்திலேயே கிடைக்கிறது.

அப்புறம் ஏன் செய்வதில்லை?

முதல் காரணம் விலை. 50 கிலோ டிஏபி மூட்டை விவசாயிக்கு 1,350 ரூபாய். மீதிச் செலவை அரசு மானியமாக ஏற்கிறது. மீட்ட உரத்துக்கு அந்த ஆதரவு இல்லாவிட்டால் போட்டி போடவே முடியாது. இரண்டாவது, ஜியோலைட் ஈயம் போன்ற கன உலோகங்களையும் பிடிக்கும். எனவே ஆலைக் கழிவு கலக்காத நீரும், ஒவ்வொரு முறையும் ஆய்வகச் சோதனையும் கட்டாயம்.

இவை தீர்க்கக்கூடிய சிக்கல்களே. பெரிய நிலையங்கள் 2029 முதல் பாஸ்பரஸை மீட்க வேண்டும் என்று ஜெர்மனி 2017-லேயே விதி போட்டுவிட்டது. இந்தியாவோ பாஸ்பேட் தாதுவுக்கும் பொட்டாஷுக்கும் வெளிநாட்டையே பெரிதும் நம்பியிருக்கிறது. 2021-ல் சீனா உர ஏற்றுமதியை இறுக்கியபோதும், 2022-ல் உக்ரைன் போர் வெடித்தபோதும் உலகச் சந்தையில் உர விலை எகிறியது. அந்தச் சுமை மானியத்தில், அதாவது மக்கள் வரிப்பணத்தில்தான் விழுந்தது.

மொத்தக் கழிவுநீரிலும் இதைச் செய்ய வேண்டியதில்லை. கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்களில் கசடிலிருந்து பயோகேஸ் எடுக்கிறார்கள். பிறகு அந்தக் கசடைப் பிழியும்போது வரும் நீரில் அம்மோனியமும் பாஸ்பேட்டும் அடர்த்தியாக இருக்கும். அங்கே ஒரு சோதனை யூனிட்டில் தொடங்கலாம். வெளியேறும் நீர் எவ்வளவு சுத்தம் என்று கேட்கும் விதிகள், எவ்வளவு உரம் மீண்டது என்றும் கேட்கணும். கேட்காதவரை, காசு கொடுத்து வாங்கிய உரத்தைச் சாக்கடையில் விட்டுக்கொண்டே இருப்போம்.